கொஞ்சம் திருப்பிப் பாருங்க!

கன்னிவாடியில் எங்கள் மளிகைக் கடைக்கு வயது இருபத்தாறு. மாமனார் ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு நானும் வீட்டுக்காரரும் பார்க்கிறோம். அவர் விடிவதற்கு முன்பே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் எடுக்கப் போய்விடுவார். பத்து மணி வரைக்கும் கல்லாவில் நான்தான். வாசலில் நின்றால் மலை தெரியும். பன்றிமலை, ஆடலூர் பக்கத்து ஜனங்கள் கீழே இறங்கினால், திரும்பிப் போகிற பஸ் வரும்வரை எங்கள் கடை நிழலில் நிற்பார்கள். மிளகு, காபிக்கொட்டை, எலுமிச்சம்பழம் என்று எதையாவது விற்றுவிட்டு, அந்தக் காசில் அரிசி, எண்ணெய், பிள்ளைகளுக்குப் பண்டம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

2023 சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். இடுப்பில் இரண்டு வயதுப் பையன். துணி மாதிரித் துவண்டு கிடந்தான்.

"யக்கா, நேத்து ராத்திரியிலேர்ந்து புள்ளைக்கு வயித்தால போகுது. நர்ஸம்மா ஓ.ஆர்.எஸ். வாங்கிக் குடுக்கச் சொன்னாங்க. இருக்காக்கா?"

என் முதுகுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ். அதில் ஆப்பிள் சுவை, ஆரஞ்சு சுவை என்று வரிசையாக அட்டை டப்பாக்கள். நடுவில் பெரிதாக அந்த மூன்று ஆங்கில எழுத்துகள். பக்கத்திலேயே ஒட்டினாற்போல் இன்னொரு எழுத்து. மூன்று எழுத்தைப் பார்த்த கண் நான்காவது எழுத்தைப் பார்க்கவில்லை. இரண்டு டப்பா எடுத்துக் கொடுத்தேன். ஒன்று முப்பத்தைந்து ரூபாய். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தாள். "இன்னும் ரெண்டு குடுங்கக்கா, ராத்திரிக்கு ஆவும்" என்றாள். கொடுத்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். ஒரு பிள்ளைக்கு நல்லது செய்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய கொழுந்தன் வந்து நின்றான். கையில் காலி டப்பா.

"யக்கா, புள்ளைய திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில சேத்துருக்கு. குளுக்கோஸ் ஏறுது. இது எங்க வாங்கினதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இது ஓ.ஆர்.எஸ்ஸே இல்லையாமே?"

அவன் சண்டைக்கு வரவில்லை. சந்தேகம் கேட்கத்தான் வந்தான். எனக்குத்தான் கை காலெல்லாம் வெலவெலத்துப் போனது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான், மாரியாத்தா புண்ணியம். நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த நான்கு ராத்திரியும் நான் தூங்கவில்லை. கடைசி ராத்திரி, கடையைச் சாத்திய பிறகு மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அப்போது அவள் ஒன்பதாவது முடித்திருந்தாள். நான் படித்தது பத்தாவது, தமிழ் மீடியம். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பேன். அர்த்தம் தெரியாது.

"இதுல பின்னாடி என்ன போட்டிருக்குன்னு ஒரு எழுத்து விடாம படிச்சுச் சொல்லு பாப்பா" என்றேன்.

அவள் டப்பாவை டியூப்லைட்டுக்கு அருகில் பிடித்துக்கொண்டு படித்தாள். தண்ணீர், சர்க்கரை, பழச்சாறு, உப்புகள், சுவையூட்டி, நிறமி. 100 மில்லிக்குச் சர்க்கரை 11 கிராம். ஒரு டப்பா 200 மில்லி. அப்படியென்றால் ஒரு டப்பாவில் 22 கிராம், நாலரை டீஸ்பூன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மகள் ஒருமுறை வாய்க்குள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா... 'உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். இது அல்ல'ன்னு இதுலயே போட்டிருக்கும்மா."

உண்மையை மறைக்கவில்லை. எழுதித்தான் வைத்திருந்தார்கள், எனக்குப் புரியாத மொழியில், எறும்பு ஊருகிற அளவு எழுத்தில். கொடுத்த எனக்கும் தெரியவில்லை, வாங்கிய அவளுக்கும் தெரியவில்லை.

அந்த மூன்று எழுத்தின் விலை

ஓ.ஆர்.எஸ். என்றால் ஏதோ சத்து ஜூஸ் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிறகுதான் விவரமானவர்களைக் கேட்டும், மகளைக் கைப்பேசியில் தேடிப் படிக்கச் சொல்லியும் தெரிந்துகொண்டேன்.

1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்காவ் என்ற எல்லை ஊர் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளவாகத் தண்ணீரில் கரைத்து, டிரம்மில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மோந்து மோந்து கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ லட்சம் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது அந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர்.

அதில் சூட்சுமமே அளவுதான். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து போனால், குடல் இரண்டையும் உறிஞ்சும்போது தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்க்கரை அதிகமாகிவிட்டால் தலைகீழ். உடம்பிலிருக்கிற தண்ணீர் குடலுக்குள் இறங்கும், வயிற்றுப்போக்கு கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவில், ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். நான் விற்ற டப்பாவில் லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சர்க்கரை மட்டுமே 110 கிராம். எட்டு மடங்கு!

இந்த மூன்று எழுத்துக்காக ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தைகள் நல மருத்துவர் ஏறக்குறைய எட்டு வருஷம் போராடியிருக்கிறார். உணவுப் பொருட்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற மத்திய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2022 ஏப்ரலில் 'இப்படிப் பெயர் வைக்கக் கூடாது' என்றது. அதே வருஷம் ஜூலை 14-ம் தேதி, 'இது ஓ.ஆர்.எஸ். அல்ல என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பெயரை வைத்துக்கொள்ளலாம்' என்று தளர்த்திவிட்டது. என் மகள் டியூப்லைட் வெளிச்சத்தில் படித்தது அந்த ஒரு வரியைத்தான். கடைசியாக 2025 அக்டோபர் 14-ம் தேதிதான், அந்த அனுமதியையே ரத்து செய்தார்கள். முன்னால் பின்னால் எந்த எழுத்தைச் சேர்த்தாலும் சரி, அசல் ஓ.ஆர்.எஸ். தவிர எந்தப் பானத்தின் பெயரிலும் அந்த மூன்று எழுத்து வரக் கூடாது என்று உத்தரவு. எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போன நிறுவனங்களும் உண்டு.

அந்தச் செய்தியைக் கைப்பேசியில் பார்த்த அன்றைக்கு, அந்த டாக்டரம்மா அழுதபடியே பேசிய வீடியோவும் வந்தது. கடையில் ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நானும் அழுதுவிட்டேன்.

அலமாரியைத் திருப்பிய ராத்திரி

2023-க்கே மறுபடி வருகிறேன். அந்த டப்பாவைப் படித்ததோடு நாங்கள் நிறுத்தவில்லை. மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுநாளும் கடை சாத்திய பிறகு, ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இருபது வருஷத்துக்கு மேல் நான் விற்றுக்கொண்டிருந்த பொருட்களின் முதுகை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதலில் பத்து ரூபாய் மாம்பழ பாட்டில். முன்பக்கம் சாறு சொட்டுகிற முழு மாம்பழம். பின்பக்கம் முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை, மூன்றாவதாகத்தான் மாம்பழக் கூழ். அடைப்புக்குறிக்குள் 11 சதவீதம் என்று இருந்தது. இதில் தப்பேதும் இல்லையாம். பழ பானம் என்று விற்க 10 சதவீதம் பழம் இருந்தால் சட்டப்படி போதும். எலுமிச்சைக்கு 5 சதவீதமே போதும். அந்தச் சின்ன பாட்டிலில் சர்க்கரை மட்டும் நாலு டீஸ்பூன்.

அடுத்தது ஆரஞ்சு நிற சோடா. லேபிளில் பழம் படமே இல்லை, நிறம் மட்டும்தான். 'பழம் எதுவும் கிடையாது, சுவையூட்டி சேர்க்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அதிலேயே போட்டிருந்தது. காய்ச்சல்காரர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என் கடையில் அதைத்தானே 'ஜூஸ்' என்று கேட்டு வாங்கிப் போனார்கள்!

பிறகு கோதுமை பிஸ்கட். முன்பக்கம் பொன் நிறத்தில் கோதுமைக் கதிர். மகள் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னாள்: "இது நல்ல பிஸ்கட்தாம்மா. 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு'ன்னு முதல்லயே இருக்கு."

எனக்கும் சந்தோஷம். அவளே அடுத்த நொடி, "இரு, பக்கத்துல ஒரு வார்த்தை இருக்கு... 'மைதா'" என்றாள்.

இருவரும் சிரித்துவிட்டோம். சுத்திகரித்த கோதுமை மாவு என்றால் மைதாதானாம். அசல் கோதுமை மாவு நாலாவதோ ஐந்தாவதோ இடத்தில், 15 சதவீதம்.

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. அடுத்து எடுத்தது எங்கள் அத்தைக்காகவே நான் எடுத்து வைக்கிற பிஸ்கட். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கம் போட்டிருந்ததால், தினமும் சாயந்தரம் டீயோடு நாலு பிஸ்கட் கொடுப்பேன். பின்பக்கம் மைதா, பாமாயில், மால்டோடெக்ஸ்ட்ரின். கடைசிப் பெயர் வாயில் நுழையவில்லை. தேடிப் பார்த்தோம். மாவுப் பொருளிலிருந்து எடுக்கிற தூள். லேபிள் கணக்கில் அது சர்க்கரை இல்லை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றிவிடுமாம். சர்க்கரை போடவில்லை என்று அவர்கள் சொன்னது நிஜம். அதைச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று புரிந்துகொண்டது நான்.

"மருந்து மாத்திரை சரியாத்தானே சாப்பிடுறீங்க, அப்புறம் ஏன் ஏறுது?" என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் அத்தை குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அது என் கண்முன்னே வந்தது.

இரண்டு நிமிஷ நூடுல்ஸில் சோடியம் என்று ஒரு வரி. ஒரு பாக்கெட்டுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு ஒரு ஆள் 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அது ஏறத்தாழ 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன். பெரியவர்களுக்கான கணக்கு அது. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு பாக்கெட் சாப்பிட்டாலே பாதியை நெருங்கிவிடும்.

எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி இருந்தது. "பச்சைப் புள்ளி இருந்தா உடம்புக்கு நல்லது" என்று எத்தனையோ பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். அது சைவம் என்பதற்கான அடையாளம். அவ்வளவுதான். மைதாவும் சைவம், சர்க்கரையும் சைவம்.

யாருக்காக எழுதுகிறார்கள்?

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டி.வி. விளம்பரம் தமிழில் வருகிறது. பாட்டு தமிழில். நடிக்கிறவர் நம்ம ஊர் நடிகர். கடை வாசலில் கட்டுகிற பேனர் தமிழில். 'வாங்கு' என்று சொல்லும்போது தமிழ் நன்றாகத் தெரிகிறது. 'உள்ளே என்ன இருக்கிறது' என்று சொல்லும்போது மட்டும் ஏன் தமிழ் மறந்துபோகிறது?

கேட்டுப் பார்த்தால், சட்டமே அப்படித்தான் இருக்கிறது. லேபிள் பற்றிய 2020-ம் வருஷத்து விதிமுறைப்படி, கட்டாயம் சொல்ல வேண்டிய விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ போட்டால் போதும். மற்ற மொழிகளையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். தடையில்லை, கட்டாயமும் இல்லை. கட்டாயமில்லாததை யார் செய்வார்கள்? சில உள்ளூர்க் கம்பெனிகள் மட்டும் தமிழிலும் போடுகின்றன. அதைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கும்.

அந்த மலைப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். பஸ்ஸில் போர்டு படித்துத்தான் ஏறினாள். 'இது ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்திருந்தால், அன்றைக்கு அவளே டப்பாவை என்னிடம் திருப்பிக் கொடுத்திருப்பாள். நானும் ஃப்ரிட்ஜில் அடுக்கும்போதே பார்த்திருப்பேன்.

சிலி நாட்டில் 2016-லிருந்து வேறு வழி வைத்திருக்கிறார்கள். சர்க்கரையோ, உப்போ, கொழுப்போ அளவுக்கு மேல் இருந்தால், பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எட்டு மூலை உள்ள கறுப்புக் கட்டம் அச்சடிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கள்கூடக் கட்டத்தை எண்ணிப் பார்த்து வாங்கலாம். நம் நாட்டிலும் முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இது பற்றி மூன்று மாதத்துக்குள் பரிந்துரை கொடுக்கச் சொன்னது. முன்பக்கத்தில் அப்படி ஒரு கட்டத்தை இன்னும் நான் என் கடைப் பாக்கெட்டில் பார்க்கவில்லை.

நல்லதும் நடக்காமல் இல்லை. 2024 ஏப்ரலில், பாலில் கலக்கும் மாவுகளை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வணிகத் துறை அமைச்சகம் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்பதற்கு வரையறையே கிடையாதாம்! அதே வருஷம் ஜூனில், கெட்டியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் பானங்களில் '100 சதவீதப் பழச்சாறு' என்று போடுவதை எடுக்கச் சொன்னது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. யாரோ சில டாக்டர்களும் சாதாரண ஜனங்களும் விடாமல் கேள்வி கேட்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

என் கடையில் இப்போது...

'அப்படியென்றால் இதையெல்லாம் விற்பதை நிறுத்திவிட்டாயா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாக்கெட்டுகளில் வருகிற லாபத்தில்தான் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம். நான் வைக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள். அந்த மூன்று எழுத்து டப்பாவை மட்டும் மறுநாளே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஏஜென்ஸி பையன் வந்து, "ஏன்க்கா, நல்லா ஓடுற ஐட்டமாச்சே?" என்றான்.

"ஓடுறது ஐட்டம் இல்லடா தம்பி, புள்ளைங்களுக்கு வயிறு" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவனுக்கும் டார்கெட் இருக்கிறது.

வீட்டுக்காரர் முதலில் கோபித்துக்கொண்டார். "நீ என்ன ஆபீசரா? வர்றவங்ககிட்ட எல்லாம் இது வேணாம் அது வேணாம்னா, கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்." நான் யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கேட்டால் மட்டும் சொல்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் மகளுடைய பழைய சிலேட்டை மாட்டி, சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறேன்:

'வயிற்றுப்போக்கா? மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கேளுங்கள். சுகாதார நிலையத்தில் இலவசம். உடனே கிடைக்காவிட்டால்: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு தலைதட்டி அரை டீஸ்பூன். குழந்தை சோர்ந்துபோனால் உடனே ஆஸ்பத்திரி.'

பொட்டலத்தைக் கரைக்கும்போதும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டால் அளவு கெட்டுப்போகும். கரைத்ததை அன்றைக்கே காலி செய்துவிட வேண்டும்.

இத்தனை நாளில் மகளோடு உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது நாலே நாலு விஷயம். ஆங்கிலம் தெரியாதவர்களும் பழகிக்கொள்ளலாம்.

ஒன்று, பொருட்பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ, அதுதான் பாக்கெட்டில் அதிகம். எடைப்படி பெரியதிலிருந்து சிறியது வரை எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும்.

இரண்டு, முன்பக்கம் எந்தப் பொருளைப் படம் போட்டுப் பெருமை பேசுகிறார்களோ, அது எத்தனை சதவீதம் என்று பின்பக்கம் சொல்லியாக வேண்டும். பாதாம் படம் இருந்தால், பாதாமுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைத் தேடுங்கள். எண்ணுக்கு மொழி கிடையாது.

மூன்று, சர்க்கரைக்குப் பல பெயர். இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ். ஒரே பெயரில் எழுதினால் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிடும். மூன்று பெயராகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கீழே போய்விடும். அதனால் பெயரை விட்டுவிட்டு, சத்துக் கணக்குப் பெட்டியில் 'ஆடட் சுகர்' என்ற வரியைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம்தான் உச்ச வரம்பு என்று வைத்துத்தான் அந்தக் கணக்கே போடுகிறார்கள். அதில் பாதிக்குள் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான்கு, அந்தப் பெட்டியில் 'ஒரு பரிமாறலுக்கு' என்று இருக்கும். ஒரு பரிமாறல் என்பது இரண்டே பிஸ்கட்டாகவும் இருக்கலாம். இரண்டோடு யார் நிறுத்துகிறார்கள்? 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டத்தையே பாருங்கள்.

அத்தைக்கு இப்போது சாயந்தரம் பொரிகடலையோ அவித்த சுண்டலோதான். முதல் வாரம் முணுமுணுத்தார். "இந்த வயசுல என் பல்லுக்கு வேலை வைக்கிறா" என்று பக்கத்து வீட்டு மதினியிடம் புகார் வேறு. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடவில்லை, ஆனாலும் குறைந்திருந்தது. டாக்டர் "என்ன பண்ணீங்க?" என்று கேட்டாராம். அத்தை என்னைக் கைகாட்டவில்லை. "பேத்தி இங்கிலீஷ் படிச்சா டாக்டர்" என்றாராம்.

அந்த மலைப் பெண் மறுபடியும் வருவாளா, வந்தால் என் முகத்தில் முழிப்பாளா என்ற பயம் எனக்குள் ரொம்ப நாள் இருந்தது. மூன்று மாதம் வரைக்கும் அவள் வரவில்லை. வேறு கடையில் வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆடி மாதம் ஒருநாள் வந்தாள். பையன் நடந்து வந்தான். ஒரு பையில் பத்துப் பதினைந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. "தெரியாமக் குடுத்துட்டேன்த்தா. மன்னிச்சுக்கோ" என்றேன்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க. எனக்கும்தானே தெரியல" என்றாள்.

இப்போது மாதம் ஒருமுறையாவது வருகிறாள். பையனுக்கு ஐந்து வயது. அங்கன்வாடி முடிந்து இந்த வருஷம் ஸ்கூல் போகப் போகிறான். போன வாரம் வந்தபோது அவன் மாம்பழ பாட்டில் வேண்டும் என்று காலை உதைத்துக்கொண்டு அழுதான். அவள் பாட்டிலை எடுத்தாள். பையனிடம் கொடுக்கவில்லை. லேபிளை என் பக்கமாகத் திருப்பிக் கல்லா மேல் வைத்தாள்.

"பின்னாடி என்னக்கா போட்டிருக்கு? படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.